அன்று வீட்டில் வாசித்துக் காட்டிய புத்தகத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி

அம்மாவுக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, அவருடைய பெரியப்பா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்து ஒரு புத்தகம் வாசித்துக் காட்டுவாராம். அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்து என் பெண்ணுக்கு வாசிக்க வேண்டும் என்று கிளம்பினேன். இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை 11 மாதம் இழுத்தது, அதில் பாதி நான் வரிசையை மாற்றிச் செய்ததால் வந்த வினை. உங்கள் வீட்டிலும் 'தாத்தா ஒரு கதை வாசிப்பார், அது என்ன புத்தகம்னு தெரியல' என்று யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. தலைப்பைக் கேட்காதீர்கள், காதில் விழுந்ததைக் கேளுங்கள்

வாசிக்கக் கேட்ட பிள்ளைகளில் பலர் அந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததே இல்லை. புத்தகம் பெரியவர் மடியில், அரிக்கேன் விளக்கு அவர் பக்கத்தில், பிள்ளைகள் எதிரே இருட்டில். அதனால் அவர்கள் சொல்லும் தலைப்பு, அந்த வீட்டில் அந்தப் புத்தகத்துக்கு வழங்கிய செல்லப்பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

'என்ன புத்தகம்மா அது?' என்று கேட்டேன். 'மகாபாரதம்தான்டா, வேற என்ன?' என்றார். நம்பினேன். சிறுவர் பாரதம் இரண்டு வாங்கி வந்து வாசித்துக் காட்டினேன், இரண்டையும் கேட்டுவிட்டு 'இதுல அல்லி எங்கடா?' என்றார். மதுரையை ஆண்ட அல்லி ராணி, அவளைக் கட்டிக்கொள்ள அர்ச்சுனன் பாம்பு வேஷம் போட்டு வருவான், அதுதான் அம்மாவுக்கு மகாபாரதம். உங்களில் பாதிப் பேர் இந்நேரம் 'அட, அல்லி அரசாணி மாலை' என்று சொல்லிச் சிரித்திருப்பீர்கள். அது வியாச பாரதத்தில் இல்லாத, ராகம் போட்டுப் பாடும் தனிக் கதைப்பாடல் என்று எனக்கு அப்போது தெரியாது. வியாசரிடம் அல்லியைத் தேடிக்கொண்டிருந்ததில் மூன்று மாதம் போனது.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகள் வேறு:

- பேசுவது மாதிரி வாசித்தாரா, ராகம் போட்டு இழுத்தாரா? ராகம் என்றால் அநேகமாகக் கதைப்பாடல். தேட வேண்டிய இடமே மாறிவிடும்.
- ஒரே தடியான புத்தகமா, 'அடுத்த வாரம் வரைக்கும் காத்திருந்தோம்' என்கிற விஷயமா? காத்திருந்தார்கள் என்றால் பத்திரிகைத் தொடர்.
- நடுவில் படத்தைத் திருப்பிக் காட்டினாரா? படம் கறுப்பு வெள்ளையா, கலரா?
- கதாநாயகன் பெயரை விடுங்கள், வேலைக்காரி பெயர், குதிரை பெயர், ஊர்ப் பெயர் ஏதாவது நினைவிருக்கிறதா? விக்கிரமாதித்தன் நூறு புத்தகத்தில் வருவான், குதிரை ஒன்றிரண்டில்தான் வரும்.
- அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், கடைசித் தம்பி பிறந்துவிட்டானா? வருஷத்தை நேராகக் கேட்டால் தப்பாகச் சொல்வார்கள், இப்படிக் கேட்டால் சரியாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. நீங்களாக ஒரு தலைப்பை எடுத்துக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் 'ஆமா, அதுதான்' என்று உடனே ஒப்புக்கொள்வார்கள், அப்புறம் அவர்கள் நினைவே அப்படி மாறிவிடும். இன்னொன்று, கேட்ட பிள்ளைகள் நான்கு பேர் இன்று உயிரோடு இருந்தால் நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். நான் அம்மாவையும் சித்தியையும் சேர்த்து உட்காரவைத்தேன். சித்தி கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், பத்தே நிமிடத்தில் அம்மா தன் ஞாபகத்தை விட்டுவிட்டுச் சித்தி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானத் தூக்கம் முடிந்து காப்பி குடித்த பிறகு கேளுங்கள், 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், போனில் பதிவு செய்து அன்றைக்கே வேறொரு இடத்திலும் போட்டு வையுங்கள். மூன்று தடவை உட்கார வேண்டியிருக்கும். முதல் தடவை எதுவும் வராது. இரண்டாம் தடவை, நீங்கள் போன பிறகு ராத்திரி படுத்தபடி யோசித்ததெல்லாம் வரும்.

2. முதலில் சொந்தக்காரர் வீட்டுப் பரணைப் பாருங்கள்

நான் இதைக் கடைசியில் செய்தேன், நீங்கள் இரண்டாவதாகச் செய்யுங்கள். புத்தகம் வாசித்தவரின் வாரிசு வீட்டில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எங்கள் விஷயத்தில் அது ஒன்றுவிட்ட மாமா வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டிக்குள், பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் கிடந்தது.

போகும்போது முகக்கவசம், டார்ச், உலர்ந்த பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய வேட்டித் துணி. இவ்வளவு போதும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி துளைத்த புத்தகத்தைத் தனிப் பையில் போட்டு இறுகக் கட்டிக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் அலமாரிக்கும் குடிவந்துவிடும். வாரப் பத்திரிகைத் தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது, அதன் முதுகில் தலைப்பு இருக்காது. கணக்கு நோட்டு என்று நினைத்துத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள்.

சரி, கிடைத்துவிட்டது. உடனே சுத்தம் செய்ய இறங்காமல் ஒவ்வொரு பக்கத்தையும் ஓரத்தோடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, ஏழாவது படியில் வருகிறது. எங்கள் பிரதியில் ஒவ்வொரு ஏழெட்டுப் பக்கத்துக்கும் ஒரு தடவை ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் 'ஐப்பசி 12', 'ஐப்பசி 13' என்று தேதி. ஒவ்வொரு ராத்திரியும் நிறுத்திய இடம். சில பத்திகளைச் சுற்றி அடைப்புக்குறியும் போட்டிருந்தார், அந்தப் பத்திகளைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் பிள்ளைகள் முன்னால் வாசிக்க முடியாத இடங்கள். அம்மாவிடம் காட்டியபோது 'இப்படியெல்லாம் வந்ததே இல்லையே' என்றார். எழுபது வருஷம் கழித்துத்தான் பெரியப்பா எதையெல்லாம் தாண்டிப் போனார் என்று தெரிந்தது.

3. எந்த வருஷத்துப் பதிப்பு என்று முடிவு செய்யுங்கள்

முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கிழிந்துபோன புத்தகம்தான் உங்களுக்குக் கிடைக்கும், அதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படியும் வருஷத்தை நெருங்கலாம்.

விலை அணாவில் இருந்தால் அநேகமாக 1957-க்கு முந்தையது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. பதிப்பக முகவரியில் 'சென்னை-1' என்று மட்டும் இல்லாமல் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிந்தையது. லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி சுழித்த பழைய எழுத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் கோத்த அச்சு என்று கொள்ளலாம், ஆனால் சில அச்சகங்கள் பழைய அச்சையே பிறகும் ஓட்டின, அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தமிழ் வருஷம் போட்டிருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு நிமிடம். அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்ப வரும். நந்தன வருஷம் என்றால் 1892-93, 1952-53, 2012-13 மூன்றும்தான். தாது வருஷம் என்றதும் பஞ்ச காலத்து 1876 என்று குதித்துவிடக் கூடாது, 1936-ம் தாதுதான். காகிதத்தையும் விலையையும் சேர்த்துப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள்.

தொடர்கதைக்கு இன்னொரு பொறி உண்டு. பொன்னியின் செல்வன் கல்கியில் 1950 முதல் 1954 வரை முதல் தடவை வந்தது, பிறகு அதே பத்திரிகையிலேயே திரும்பத் திரும்பத் தொடராகப் போட்டார்கள், ஓவியர்கள் மாறினார்கள். உங்கள் அம்மா பார்த்த வந்தியத்தேவன் உங்கள் பாட்டி பார்த்த வந்தியத்தேவனாக இருக்க வேண்டியதில்லை. அம்புலிமாமாவிலும் இதே கதைதான், ஆனால் வேறு விதம்: 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை, வேதாளக் கதை ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பித்து ஒரே மாதிரி முடியும். 'மனம் தளராத விக்கிரமன்' நினைவிருக்கிறது என்று யாராவது சொன்னால் அதை வைத்து இதழைக் கண்டுபிடிக்கவே முடியாது, நடுவில் வேதாளம் சொன்ன கதை என்ன என்று கேளுங்கள்.

4. இணையத்தில் தேடுவது

செலவில்லாத படி. ஆனால் ராத்திரியெல்லாம் உட்கார வைக்கும்.

முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பழைய புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், இலவசமாகப் படிக்கலாம். குடும்பம் இலங்கை என்றால் நேராக நூலகம் திட்டத்துக்குப் போங்கள், 2005 முதல் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் சேர்த்து வருகிறார்கள். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பாடம் கிடைக்கும். அம்மா சொன்ன ஒரு வரியை அப்படியே போட்டுத் தேட அது வசதி. ஸ்கேன் பண்ணிய படத்துக்குள் அப்படித் தேட முடியாது.

தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். விக்கிரமாதித்தன், விக்ரமாதித்தன், விக்கிரமாதித்த மகாராஜன், நடுவில் ஷ, ஸ வரும் வடிவங்கள், 'கதை', 'சரித்திரம்', 'மாலை', 'அம்மானை' என்ற வால்கள். 'பெரிய எழுத்து' என்ற இரண்டு சொல்லையும் முன்னால் சேர்த்துப் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் சத்தம் போட்டு வாசிப்பதற்கென்றே கொட்டை எழுத்தில் அடித்த கதைப் புத்தகங்களுக்கு அதுதான் பெயர், அட்டையிலேயே அப்படித்தான் இருக்கும். நூலகப் பட்டியல் சிலவற்றில் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில், அதுவும் 'க'வை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதும் முறையில் வைத்திருப்பார்கள். நாம் உச்சரிக்கிற மாதிரி அடித்தால் வராது.

ஆசிரியர் பெயரை வைத்துத் தேடாதீர்கள். இந்தக் கதைப்பாடல்களில் பலவற்றின் அட்டையில் புகழேந்திப் புலவர் பெயர்தான் இருக்கும், அந்தப் பெயரைப் போட்டால் அதே பெயர்ப் புலவர் எழுதிய நளவெண்பாவில் போய் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

5. நூலகத்துக்கு நேரில் போவது

சென்னைக்கு ஒரு நடை போகத்தான் வேண்டும் என்றால் இரண்டு இடம். எழும்பூர் கன்னிமாரா நூலகம்: 1954 சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தின் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும், அதனால் அதற்குப் பிந்தைய பதிப்புக்கு அங்கே முதலில் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்: கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை வைத்து 1994-இல் தொடங்கியது. மற்றவர்கள் எடைக்குப் போட்ட நாடகப் பாட்டுப் புத்தகம், குஜிலிப் பதிப்பு (கடைத்தெருவில் விற்ற மலிவுப் பதிப்பு), பெரிய எழுத்துக் கதை மாதிரியான சமாசாரங்களுக்கு அதுதான் இடம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஆதார் அட்டையும் இரண்டு நகலும், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, எதற்காகத் தேடுகிறேன் என்று தமிழில் ஒரு பக்கக் கடிதம், பென்சில், பட்டியல் எண்ணோடு எழுதிய தலைப்புகள். இந்தப் பட்டியல் எண்தான் முக்கியம். நான் ஒரு நூலகத்துக்கு அது இல்லாமல் போய், தலைப்பை வாயால் சொல்லி, 'அப்படி ஒண்ணும் இல்ல சார்' என்ற பதிலோடு பஸ் பிடித்துத் திரும்பினேன். நான்கு மாதம் கழித்து அதே நூலகத்தின் பட்டியலில் அதே புத்தகம் வேறு எழுத்துக்கூட்டலில் உட்கார்ந்திருந்தது.

முதல் நாள் போன் செய்து விடுமுறை, நகலெடுக்கும் கட்டணம், பழைய புத்தகத்தை நகலெடுக்க விடுவார்களா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள். காகிதம் நொறுங்கும் நிலையில் இருந்தால் ஜெராக்ஸ் மெஷினில் வைக்க விட மாட்டார்கள், அது நியாயம்தான். திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று தலைப்புக்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

6. விலைக்கு வாங்குவது

பெரிய எழுத்துப் புத்தகங்களில் சில இன்னும் மறுபதிப்பாக வருகின்றன, கோயில் வாசல் கடை, திருவிழாக் கடைகளில் கேளுங்கள். நான் வாங்கியது 200 ரூபாய்க்குள்தான். பிள்ளைகளுக்கு வாசிக்க அது தாராளமாகப் போதும்.

அதே பழைய பதிப்புதான் வேண்டும் என்றால் சென்னை சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம் (1985-இல் எரிந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக்காரர்கள் அங்கேதான் போனார்கள்), ஞாயிற்றுக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதை. தேடுகிற புத்தகத்தின் பெயரை எடுத்ததும் சொல்லாதீர்கள். 'எங்க அம்மா சின்ன வயசுல...' என்று கதையை ஆரம்பித்தீர்களோ, விலை மூன்று மடங்கு. பக்கத்தில் உள்ள வேறு இரண்டு புத்தகத்தோடு சேர்த்து எடுத்து விலை கேளுங்கள், பணம் கொடுக்கும் முன் பக்க எண்ணை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிச் சரிபாருங்கள். நடுவில் எட்டுப் பக்கம் இல்லாத பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, 350 ரூபாய்.

7. ஸ்கேன், பைண்டிங்

வரிசை இதுதான்: முதலில் ஸ்கேன், பிறகு பைண்டிங். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும். முதுகை அழுத்திப் பிளக்காமல், பாதி திறந்த நிலையில் மேலிருந்து போனில் எடுத்தாலே நன்றாக வரும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், பத்து வருஷத்தில் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

என் தப்பு என்னவென்றால் பத்துப் பதினைந்து பக்கம் மட்டும் போட்டோ எடுத்துவிட்டு, மாமாவிடம் கெஞ்சி வாங்கிய பிரதியை பைண்டரிடம் கொடுத்தேன். ஒரு வாரம், 400 ரூபாய், அழகான காலிகோ துணி அட்டை. பிரித்தால் மூன்று பக்கமும் ஓரம் பளிச்சென்று சமமாக வெட்டியிருந்தது. பென்சில் தேதிகளில் பாதி அந்த வெட்டோடு குப்பைக்குப் போய்விட்டது, 'ஐப்' என்று ஒரு பக்கத்தில் மிச்சம் இருக்கிறது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஓரம் வெட்டுவது அவர் வழக்கம், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் 'ஓரம் வெட்டக் கூடாது' என்று துண்டுச் சீட்டில் எழுதி முதல் பக்கத்தில் செருகி, வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஸ்கேன் செய்ததைப் பொதுவில் போடும் எண்ணம் இருந்தால் மட்டும் பதிப்புரிமையைப் பாருங்கள்: இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 வருஷம். 1964-இல் இறந்தவர் எழுத்து 2024 முடிவோடு விடுபட்டது. அரசு நாட்டுடைமை ஆக்கியது என்றால் காத்திருக்கவே வேண்டாம். படங்களுக்குக் கணக்கு தனி, ஓவியரின் காலத்தைப் பார்க்க வேண்டும்.

8. வாசிக்க உட்காருவது

முதல் ராத்திரிக்கு முன் நீங்கள் தனியாகச் சத்தம் போட்டு இரண்டு தடவை வாசித்துப் பாருங்கள். சொற்களைப் பிரிக்காமல் சேர்த்து அடித்திருப்பார்கள், மூச்சு எங்கே விடுவது என்று கண்ணுக்குத் தெரியாது, வாய்க்குத்தான் தெரியும். பழைய எழுத்துக்குப் பழக ஒரு வாரம் ஆகும். தாண்ட வேண்டிய இடங்களைப் பென்சிலால் முன்னாலேயே குறித்துவிடுங்கள், வாசிக்கும்போது தீர்மானிக்கப் போனால் தடுமாறுவீர்கள், பிள்ளை உடனே 'ஏன் நிறுத்திட்டே?' என்று கேட்கும்.

ராகம் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். எனக்கு அம்மா முதல் நாலு வரியைப் பாடிக் காட்டினார், அதே மெட்டில் மீதியை ஓட்டிவிட்டேன். பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதை வாங்கிக்கொள்ளுங்கள், எந்த நூலகத்திலும் கிடைக்காது.

இருபது நிமிடம் போதும். எங்கள் பெரிய தாத்தாவின் கோடுகளை வைத்துப் பார்த்தால் அவரும் ஒரு ராத்திரிக்கு ஏழெட்டுப் பக்கத்தைத் தாண்டியதில்லை. கதை முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள், பாம்பு வாசலுக்கு வந்துவிட்டது என்ற இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், ஓரத்தில் வேண்டாம், உள்பக்கம் தையலை ஒட்டி. வருஷத்தையும் சேர்த்து எழுதுங்கள். அவர் ஐப்பசி 12 என்று எழுதிவிட்டு எந்த வருஷம் என்று போடாமல் விட்டதால்தான் மூன்றாவது படியில் அவ்வளவு அல்லாட வேண்டியிருந்தது.